இன்னாசித்தம்பியின் முறை

வெஸ்ரேண் சுவிங் என்ற அமெரிக்க நடன இசை வாசிக்கும் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குழுத்தலைவர் ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தன் வாத்தியத்தில் ஒரு சுற்றுத் தனியாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கூப்பிடாதவர் வாசிக்கக் கூடாது, கூப்பிட்டவர் சும்மா இருக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் போட்ட இந்தச் சட்டத்தால் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு மன்னார்ப் பேசாலைக்காரிக்கு நித்திரை கெட்டது.

அவள் பெயர் பேர்பெச்சுவா. 'மடு றோட் றேஞ்சேர்ஸ்' குழுவின் பாடகி. முந்தைய தலைவர் லோறன்ஸ் அண்ணை கனடாவுக்குப் போன பிறகு தலைவியும் அவளே. வயலின் செல்வரட்ணத்தை அவள் கூப்பிடுவாள். ட்றம்ஸ் அடிக்கும் கிறிஸ்ரியனைக் கூப்பிடுவாள். ஆளைவிட உயரமான பேஸ் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் தன் மகள் பிறின்சியைக் கூப்பிடுவாள். ஸ்ரீல் கிற்றாரைக் குறுக்கே கிடத்தி, நரம்புகளின் மேல் இரும்பை வழுக்கவிட்டு வாசிக்கும் மனிதரை மட்டும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் அவளுடைய புருசன்.

புருசனின் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவள் வளர்ந்த வீட்டில் வேதத்துக்கு அடுத்தபடியான உண்மை. அதற்கு ஆதாரமும் இருந்தது. அவளுடைய பெரியம்மா, குடிசன மதிப்பீட்டுக்கு வந்த உத்தியோகத்தரிடம் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அடுத்த கிழமையே பெரியப்பா கிணற்றுக்குள் விழுந்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கவில்லை, பெரியப்பா தானே ஏறி வந்து சோறு தின்றார், பேரப்பிள்ளைகளின் கலியாணம் வரை இருந்தார் என்பதெல்லாம் வேறு கதை. விழுந்தது விழுந்ததுதான்.

கோவிலில் கலியாண வாக்குறுதி கொடுக்கும்போது பேர்பெச்சுவாவும் ஒருமுறை சொல்லத்தான் வேண்டியிருந்தது. அப்போது அவர் இன்னும் புருசன் ஆகவில்லை என்பதால் அது கணக்கில் வராது. தவிர, அவள் சொன்னது பக்கத்தில் நின்ற பாதருக்கே கேட்கவில்லை. அன்று முதல் செபமாலையில்கூட 'பிறின்சியின் தகப்பனுக்காக' என்றுதான் வேண்டிக்கொள்வாள். பிறின்சி பிறப்பதற்கு முன் 'இவருக்காக' என்பாள். மாதாவுக்கு ஆள் யாரென்று தெரியும்.

ஆகவே மேடையில் அவருடைய முறை வரும்போது, வீட்டில் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடும் அதே குரலில், மைக்கில் "இஞ்சேருங்கோ" என்பாள். அவர் வாசிப்பார். அதுவே அவருடைய பெயர் என்று ஜேர்மன்காரர் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. ஒரு விழாச் சுவரொட்டியில் 'ஸ்ரீல் கிற்றார்: திரு. இஞ்சேருங்கோ' என்று அச்சடித்தே விட்டார்கள். அவரும் ரசிகர்களுக்கு அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் இன்னாசித்தம்பி.

குழு தொடங்கியது எண்பதுகளின் நடுவில், அகதி விடுதியொன்றின் உடுப்புத் தோய்க்கும் அறையில். அந்த ஊரில் ஒரு கௌபோய் கழகம் இருந்தது. கிழமை முழுக்க நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் தொப்பியும் நெடுஞ்சப்பாத்தும் போட்டு டெக்சாஸ்காரர் ஆகிவிடும் மனிதர்களின் கழகம். அவர்களுடைய வாத்தியக் குழு சண்டை பிடித்துக் கலைந்துவிட்டது. விடுதியில் இரண்டு வயலின் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டுக் கழகத் தலைவர் ஒரு பெட்டி இசைத்தட்டுகளோடு வந்து இறங்கினார்.

"அண்ணை, எங்களுக்கு இது தெரியாதே," என்றார் செல்வரட்ணம்.

"எங்களுக்குக் குளிரும்தான் தெரியாது. பழகேல்லையே?" என்றார் லோறன்ஸ்.

நாட்டுப்புற வயலின், நகரத்து ஜாஸ் தாளம், ஹவாய்த் தீவுக் கிற்றார், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மெக்சிக்கோக்காரரின் எக்காளம், இவை எல்லாவற்றையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டி ஆட வைப்பதுதான் வெஸ்ரேண் சுவிங். மீன், நண்டு, மரக்கறி என்று கிடைத்ததெல்லாம் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சமையல் விளங்கச் சுணங்கவில்லை.

ஸ்ரீல் கிற்றார் மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. இன்னாசித்தம்பி விடுதியின் இஸ்திரிக்கைப் பலகையை எடுத்து, உடைந்த பியானோ ஒன்றின் கம்பிகளை அதன்மேல் இழுத்துக் கட்டினார். வழுக்குவதற்கு இரும்பு வேண்டுமே என்று, தாய் கட்டிக் கொடுத்துவிட்ட பாக்குவெட்டியின் முதுகைப் பிடித்தார். அன்றிலிருந்து அந்த விடுதியில் இருந்த அத்தனை பேரும் கசங்கிய சட்டையோடுதான் அகதி விசாரணைக்குப் போனார்கள். பார்த்த அதிகாரிகளுக்கு மனம் இளகிவிட்டது என்றும், பலருக்கு விசா கிடைத்தது அதனால்தான் என்றும் லோறன்ஸ் கடைசி வரை சாதித்தார்.

அந்நாட்களில் அகதிகள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. கழகத்தின் நடன மண்டபமோ சரியாக எல்லைக் கோட்டின் மேல் கட்டப்பட்டிருந்தது. மேடை இந்த மாவட்டம், ஆடும் தளம் அடுத்த மாவட்டம். ஆகவே வாசிப்பது சட்டப்படி சரி, இறங்கி ஆடினால் குற்றம். ஒருநாள் லோறன்ஸ் தன்னை மறந்து வயலினோடு ஆடுபவர்களுக்கு நடுவே இறங்கிவிட்டார். அங்கே கௌபோய் உடுப்பில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பொலிஸ்காரர் அவரை மெதுவாகத் தோளில் பிடித்து, தாளம் பிசகாமல், ஆடி ஆடியே சொந்த மாவட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

பிறகு விசாக்கள் கிடைத்தன, உண்மையான ஸ்ரீல் கிற்றார் வந்தது, ஊர் ஊராகப் போனார்கள். மியூன்ஸ்ரர் பக்கத்தில் ஒரு குதிரைச் சந்தையில் கிறிஸ்ரியனுக்குக் காய்ச்சல் வந்தபோது, மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு மண்ணிறக் குதிரை பின்னங்காலால் பலகையில் தட்டி இரண்டாம் பகுதி முழுவதற்கும் தாளம் போட்டது. கிறிஸ்ரியனைவிட அது நிதானம் என்று செல்வரட்ணம் சொல்லப்போய், கிறிஸ்ரியன் நெடுங்காலம் அவரோடு கதைக்கவில்லை. குதிரையோடு கோபமில்லை.

சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கழகத்துக் கௌபோய்கள் நரைத்தார்கள், சிலர் ஆடும் தளத்திலிருந்து நேரே சேமக்காலைக் கல்லறைக்குப் போனார்கள். ஒரு நாள் லோறன்ஸின் மகள் அவரை ரொறொன்ரோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அதுவரை மேடையில் பெயர் கூப்பிட்டது லோறன்ஸ்தான். அவருக்கு எல்லாரும் இளையவர்கள். இன்னாசித்தம்பியை "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். மற்றவர்களுக்கு அவர் "அண்ணை". அதற்குப் பிறகு பேர்பெச்சுவா. ஆக, அவ்வளவு நீண்ட காலத்தில் எந்த மேடையிலும் அந்தப் பெயர் முழுதாக ஒலிக்கவில்லை.

உலோகம் மினுக்கும் பட்டறையில் வேலை செய்த இன்னாசித்தம்பிக்கு நெஞ்சுக்குள் போன தூசி முதுமையில் கணக்குக் கேட்டது. ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, மூக்கில் குழாயோடு வாசித்தார். அதை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. ஆட வந்த பழைய சுரங்கத் தொழிலாளர்களில் பலர் தாங்களும் ஒன்றை இழுத்துக்கொண்டுதான் ஆடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நீளமாகக் கதைத்தார். பிறின்சி அதைச் சின்னதாக்கித் தமிழில் சொன்னாள். "அப்பா களைக்காமல் இருக்கவேணுமாம்."

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தபின் இன்னாசித்தம்பி மனைவியைப் பார்த்தார். "இஞ்சை பாரும், எனக்கு ஒரு ஆசை இருக்கு."

"சீனி போடமாட்டன்."

"சீனி இல்லை. மேடையிலை ஒருக்கா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

பேர்பெச்சுவா கையிலிருந்த எதையும் கீழே போடவில்லை. போடத்தக்க எதுவும் அப்போது கையில் இருக்கவில்லை.

"விசரே உங்களுக்கு?"

"இந்த நாட்டிலை எல்லாரும் என்ரை பேரைச் சொல்லிப்போட்டாங்கள். அகதி அன்ராக் விண்ணப்பம் எழுதிக் குடுக்கப் போன கந்தோரிலை சொன்னவங்கள். வேலையிலை சொன்னவங்கள். இண்டைக்கு ஆஸ்பத்திரியிலையும் ஒருத்தி வாசல்லை நிண்டு கூப்பிட்டவள். எல்லாரும் முறிச்சு முறிச்சுச் சொல்லுறாங்கள். முழுசாச் சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள் நீர். நீர் சொல்லமாட்டீர்."

"சொன்னா உங்களுக்கு ஏதும் நடந்திடும்."

"நடக்கிறது எப்பிடியும் நடக்கப் போகுது. டொக்டர் சொன்னதிலை பாதியைப் பிள்ளை விட்டிட்டாள். நான் விடேல்லை. முழுக்கக் கேட்டனான்."

அவள் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினாள். "ஏலாது," என்றாள் சுவரைப் பார்த்து. அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தமிழ்ப் பாதரை மறித்தாள்.

"பாதர், மனிசன்ரை பேரைச் சொன்னா ஆயுள் குறையுமோ?"

"அது மூடநம்பிக்கை அம்மா. திருச்சபை அப்பிடிப் படிப்பிக்கேல்லை."

"அப்ப ஏதும் நடந்தா நீங்கள் பொறுப்போ?"

பாதருக்கு அந்த நேரம் பார்த்து யாரையோ சந்திக்க வேண்டிய அவசரமான ரெர்மின் ஒன்று ஞாபகம் வந்தது.

அவள் தனியாகவே யோசித்தாள். சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் போய்விடுவார், ஆனால் கேட்ட ஒன்றே ஒன்றைத் தராத பெண்சாதியை விட்டுவிட்டுப் போவார். சந்தையில் வெங்காயம் பொறுக்கும்போதும் இதே யோசனை. அழுகினதையும் சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.

வசந்த காலத்தில் கழகத்தின் ஆண்டு விழா வந்தது. ஞாயிறு பின்னேரம், கேக்கும் கோப்பியும், பிறகு நடனம். பேர்பெச்சுவா முடிவெடுத்திருந்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. செல்வரட்ணத்திடம் சொன்னால் அவர் மேடையிலேயே அழுவார், பிறின்சியிடம் சொன்னால் அவள் தகப்பனிடம் சொல்லிவிடுவாள்.

மூன்றாவதோ நான்காவதோ பாட்டு. நடுத்தர வேகம், ஆடுபவர்களுக்கு மூச்சு வாங்காத மெட்டு. முதலில் செல்வரட்ணத்தைக் கூப்பிட்டாள். அவர் வாசித்து முடித்து வில்லை இறக்கினார். அடுத்தது ஸ்ரீல் கிற்றார். எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இடது கையில் இரும்பு தயாராக இருந்தது. பேர்பெச்சுவா ஒரு கையால் மைக்கையும் மறுகையால் கழுத்துச் சிலுவையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இன்னாசித்தம்பி," என்றாள்.

குரல் சிறிதாகத்தான் வந்தது. ஆனால் மைக் அதைப் பெரிதாக்கி மண்டபத்தின் நாலு சுவருக்கும் கொண்டுபோனது. ஓர் எழுத்தும் முறியவில்லை.

கிற்றார் ஒலிக்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். இன்னாசித்தம்பி கழுத்தைத் திருப்பி, கூப்பிடப்பட்ட ஆள் யாரென்று பின்னால் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் திரைச்சீலைதான் இருந்தது. பிறகு செல்வரட்ணத்தைப் பார்த்தார். செல்வரட்ணம் வாயைத் திறந்தபடி பேர்பெச்சுவாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்ரியனின் தாளமும் பிறின்சியின் பேஸும் மட்டும் நடந்துகொண்டிருந்தன. ஆடுபவர்கள் அந்த வெறும் தாளத்தில் பிசகில்லாமல் ஆடினார்கள். இதுவும் ஒரு புதுமை என்று நினைத்திருப்பார்கள். செல்வரட்ணம் வில்லால் அவருடைய தோளைத் தட்டி "அண்ணை, உங்களைத்தான்" என்று சொன்னபோது சுற்று முடிந்துவிட்டது. முடிந்த சுற்றுக்குத் திரும்பிப் போக முடியாது. அதுவும் சட்டம். அவள் கிறிஸ்ரியனைக் கூப்பிட்டாள்.

மிச்சப் பாட்டுகளில் அவருடைய முறை வந்தபோதெல்லாம் அவள் பழையபடி கூப்பிட்டாள். அவரும் பழையபடி வாசித்தார்.

திரும்பும்போது, பிறின்சி ஓட்டிய வானுக்குள் இன்னாசித்தம்பிக்குச் சிரிப்புத் தொடங்கியது. மூச்சு முட்டி, பிறின்சி வானை ஓரமாக நிறுத்தி ஒட்சிசனைக் கூட்டிவிட வேண்டியதாயிற்று.

"நீர் வேறை ஆரோ ஆம்பிளையைக் கூப்பிடுறீர் எண்டு நினைச்சன்," என்றார், பேச்சு வந்ததும். "உம்மடை குரலிலை அந்தப் பேரை நான் கேட்டதே இல்லையே. ஆரடா இவன், இவ்வளவு ஆசையாக் கூப்பிடுறாள் எண்டு பார்த்தன். பொறாமையாக்கூடக் கிடந்துது."

பேர்பெச்சுவா யன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். "நான் உசிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சொன்னன். நீங்கள் திரும்பிச் சீலையைப் பாக்கிறியள்."

"அம்மா, அப்பாவைத் திட்டாதேங்கோ, அவருக்குக் களைக்கும்," என்றாள் பிறின்சி.

"இனிச் சொல்லமாட்டன்."

"சொன்னீர்தானே. செத்தனோ?" என்றார் அவர். "பீலெஃபெல்ட்டிலை அடுத்த ஆட்டம் இருக்கு. அங்கை சொல்லும். அதுக்குள்ளை நான் பழகிறன்."

இப்படித்தான் பயிற்சி தொடங்கியது. அவர் வரவேற்பறையில் கிற்றாரோடு இருப்பார். அவள் குசினியில் ஏதாவது அரிந்துகொண்டு, எதிர்பாராத நேரத்தில் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் உடனே வாசிக்க வேண்டும். முதல் நாட்களில் அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அவருக்கு விளங்காது. விளங்கியபோதும் பிந்தியது. "ஆரை?" என்று கேட்பார். "உங்களைத்தான்," என்பாள். "ஓ," என்று விட்டு வாசிப்பார்.

சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி அவள் கணக்கைச் சரிக்கட்டினாள். போகப்போகப் பெயர் கூடியது, செபம் பின்தங்கியது. ஒரு நாள் கத்தரிக்காய் வெட்டும்போது, பயிற்சிக்கு இல்லாமல் சும்மாவே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் நல்ல நிறைவாக இருந்தது. இவ்வளவு காலமும் இதை மற்றவர்கள் சொல்லிச் சீரழிக்க விட்டிருந்தோமே என்று கோபம் வந்தது.

அவர் கள்ளமும் செய்யத் தொடங்கினார். "கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லும்."

"காது செவிடே?"

"ஓம். சொல்லும்."

பீலெஃபெல்ட்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவரை அம்புலன்சில் கொண்டுபோனார்கள். கிற்றாரை ஆஸ்பத்திரிக்குள் விட முடியாது என்றார்கள். அதனால் பயிற்சி நிற்கவில்லை. அவள் கட்டில் பக்கத்தில் இருந்து பெயரைச் சொல்வாள். போர்வையின் மேல் கிடந்த அவருடைய இடது கை, இரும்பைப் பிடித்திருப்பதுபோல் விரல்களை மடக்கி, மெதுவாக ஒரு பக்கம் வழுக்கிப் போகும். சில சமயம் முழுச் சுற்றும் வாசிப்பார். அவள் காலால் தாளம் போடுவாள். இப்போது பிந்துவதே இல்லை. பெயர் முடிவதற்குள் கை எழும்பிவிடும்.

பிறின்சி ஒரு நாள் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "அம்மா, பீலெஃபெல்ட்டுக்கு ஏலாது எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"ஏன் சொல்லவேணும்? அவருக்கு இப்பதான் பிடிபட்டு வருது," என்றாள் பேர்பெச்சுவா.

பிறின்சி முகத்தைக் கழுவப் போனாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், வெளியே நல்ல வெயில். பிறின்சி கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். பேர்பெச்சுவா அவருடைய போர்வையை நேராக இழுத்துவிட்டு, கதிரையில் சரியாக இருந்துகொண்டு, மேடையில் சொல்வதுபோலவே சொன்னாள்.

"இன்னாசித்தம்பி."

கை எழும்பவில்லை.

கள்ளம் என்று நினைத்தாள். மறுபடி சொன்னாள், கொஞ்சம் உரக்க. பிறகு, பழக்கம் விட்டுப்போயிற்றோ என்று, காலமெல்லாம் கூப்பிட்டபடியே கூப்பிட்டுப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ." அதற்கும் இல்லை. குனிந்து, காதுக்குப் பக்கத்தில், கலியாணத்தன்று பாதருக்குக் கேட்காத அளவு குரலில் சொன்னாள்.

இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் ஒரே சுருதியில் கத்தத் தொடங்கியது. தாதி ஒருத்தி வந்தாள். திரையைப் பார்த்தாள், அவருடைய கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், பேர்பெச்சுவாவின் தோளைத் தொட்டாள். உயிரை இழுத்துப் பிடிக்க ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவர் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். தாதி அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு, முகத்திலிருந்த குழாயைக் கழற்றக் கை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் பேர்பெச்சுவா, பிறகு அதையே ஜேர்மன் மொழியில் சொன்னாள். "இவர் சில வேளை பிந்தித்தான் தொடங்குவார்."

தாதி கையை எடுத்துக்கொண்டாள். வெளியே நடைபாதையில் சாப்பாட்டு வண்டில் கதவு கதவாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது. பேர்பெச்சுவா காலால் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டு கையைப் பார்த்தபடி இருந்தாள். தாதியும் போகாமல் நின்றாள்.